உளச்சோர்வு: பழியும் பொறுப்பும்

"மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்பது நம்மவரிடையே மிகுதியாக வழங்கும் அறிவுரைகளுள் ஒன்று. பரீட்சையிலே தவறியவனுக்கும் அது கூறப்படுகின்றது. கணவனை இழந்தவளுக்கும் கூறப்படுகின்றது. காரணம் யாதெனத் தெரியாது வாரக்கணக்கிலே படுக்கையை விட்டு எழாதிருப்பவனுக்கும் அதுவே கூறப்படுகின்றது. முதலிருவருக்கும் அது ஓரளவு பயன்படக்கூடும். மூன்றாமவனைப் பொறுத்தவரை அது எத்தகைய கூற்று என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது. திடப்படுத்த வேண்டியது மனம். திடப்படுத்தும் கருவியும் அம்மனமே. அக்கருவியே பழுதுற்றிருக்குமாயின், பழுதுபட்ட தராசு ஒன்றைக் கொடுத்து அதன் பழுதினை அதனைக்கொண்டே நிறுத்துப் பார் எனக் கூறுவதை அவ்வறிவுரை ஒக்கும்.

இது மருத்துவ வினா மாத்திரமன்று, ஒழுக்கவியல் வினாவுமாகும். உளச்சோர்வுற்றவன் தன் நிலைக்குத் தானே பொறுப்பாளியா? அல்லன் எனின், அவனிடத்து நாம் யாதேனும் எதிர்பார்த்தல் தகுமா? எதனையும் எதிர்பாராது விடுவோமாயின், அவனை மனிதனாகக் கொள்ளாது பழுதான ஒரு பொருளாகக் கொண்டவர்களாகமாட்டோமா? இவ்வினாக்களை நூல்களிலிருந்து நான் பெறவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், மாணவர் விடுதியொன்றிலே என்னுடன் ஒரே அறையில் இருந்த நண்பர் ஒருவரிடமிருந்து பெற்றேன். அவர்பால் நான் நடந்துகொண்ட முறை சரியானதன்று என்பதை முதலிலேயே கூறிவிடுதல் நன்று.

அவர் இரண்டாம் வருட மாணவர். முதல் வருடத்திலே நல்ல பெறுபேறு பெற்றவர். வீட்டிலே சொல்லத்தக்க துன்பம் எதுவுமில்லை. இரண்டாம் வருடத்தின் நடுப்பகுதியில் அவர் விரிவுரைகளுக்குச் செல்வது குறைந்தது. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுவார். ஆனால் பத்து மணியாகியும் கட்டிலை விட்டு இறங்கமாட்டார். நாம் வைத்துவிட்டுப் போகும் தேநீர் ஆடை படிந்து ஆறிக்கிடக்கும். தலைவாருதல், சவரம் செய்தல் என்பனவெல்லாம் அவருக்குப் பெருங்காரியங்களாயின. காதலில் தோல்வி என்றார் சிலர். பரீட்சைப் பயம் என்றார் வேறு சிலர். "கள்ளம் அடிக்கிறான்" என்றவர்களும் உளர். ஊரிலிருந்து வந்த மாமனார் ஒருவர் யாரோ கண்ணூறு பட்டது எனக் கூறி நூல் கட்டிச் சென்றார். நான் பதினைந்து நாட்கள் அவருக்காகக் குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். பதினாறாம் நாள் பொறுமை இழந்து, "மச்சான், நீ எழும்பவேண்டும் என்று நினைத்தால் எழும்பலாம், நீ நினைக்கிறாயில்லை" என்று ஏசினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே, "நீ சொல்வது சரி, நான் நினைக்கிறேனில்லை. அந்த நினைக்கிற சாமான்தான் என்னிடம் இல்லை" என்றார்.

அன்று அதனை ஒரு சாட்டாகவே கொண்டேன். பின்னர் அரிஸ்ரோட்டிலின் ஒழுக்கவியலைக் கற்பிக்க நேர்ந்தபோதுதான் அக்கூற்றின் நுட்பம் புலனாயிற்று. நல்லதென அறிந்தும் அதனைச் செய்யாது வழுவுபவனின் உறுதிக்குறைவைப் பற்றி அரிஸ்ரோட்டில் விரிவாக ஆராய்கின்றார். அத்தகையவனிடம் இரு விருப்புகள் மோதுகின்றன. தாழ்ந்த விருப்பு வெல்கின்றது. உளச்சோர்வுற்றவனிடம் அத்தகைய மோதல் நிகழ்வதில்லை. எழுவதை விடப் படுத்திருத்தல் இன்பமானது என்பதற்காக அவன் படுத்திருக்கவில்லை. படுக்கையும் அவனுக்கு இன்பமன்று. விரும்புதல் என்னும் ஆற்றலே அவனிடம் வற்றிவிடுகின்றது. ஆகவே சோம்பேறியையும் உளச்சோர்வுற்றவனையும் புறத்தோற்றம் கொண்டு ஒன்றெனக் கருதுதல், உண்ண மறுப்பவனையும் உண்ண வாயில்லாதவனையும் ஒன்றெனக் கருதுதல் போன்றதாகும்.

மருத்துவர் இந்நோயினை எவ்வாறு இனங்காண்கின்றனர் என்பதைச் சுருங்க நோக்குவோம். தாழ்ந்த மனநிலை, அல்லது முன்பு விருப்பமாயிருந்த எதிலும் நாட்டமின்மை: இவ்விரண்டில் ஒன்றேனும் பெரும்பாலான நேரம், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், குறைந்தது இரண்டு வாரங்களுக்கு நீடிக்க வேண்டும். அத்துடன் உறக்கக் கேடு, பசியின்மை அல்லது மிகையான பசி, களைப்பு, அசைவிலும் பேச்சிலும் மந்தம், கவனங்குவியாமை, தகுதியற்றவன் என்ற எண்ணம், மிகையான குற்றவுணர்வு, சாவினைப் பற்றிய நினைவு என்பவற்றுள் பல சேர்ந்து அன்றாட வாழ்வைச் சிதைக்க வேண்டும். இப்பட்டியலிலே ஒழுக்கவியல் மாணவன் நின்று நோக்கவேண்டிய ஓரிடம் உண்டு. குற்றவுணர்வு இங்கு நோயின் விளைவு மாத்திரமன்று, நோயின் ஓர் உறுப்பாகவே எண்ணப்படுகின்றது. நாம் அவன்மீது சுமத்தும் பழியை அவன் ஏற்கெனவே தன்மீது நம்மிலும் பன்மடங்காகச் சுமத்தியிருக்கின்றான். சிக்மண்ட் பிராய்ட் 1917ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றிலே, இழப்பினால் துயருறுபவனையும் சோர்வு நோயாளனையும் வேறுபடுத்தியது இவ்விடத்தேதான். முன்னவன் உலகிலே எதனையோ இழந்தவன். பின்னவன் தன்னையே இகழ்பவன். ஆகவே அவனைக் கண்டிப்பவர் நோய்க்கு மாற்றுக் கொடுக்கவில்லை; அந்நோய் கேட்ட உணவையே ஊட்டுகின்றனர். நானும் அதனையே செய்தேன்.

இப்பழிமொழிக்கு நீண்ட வரலாறு உண்டு. கி.பி. நான்காம் நூற்றாண்டிலே எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியஸ் என்னும் துறவி, நண்பகல் வேளையிலே துறவியரைப் பற்றும் ஒருவகை மனச்சலிப்பினை விவரித்துள்ளார். சூரியன் நகராதது போலத் தோன்றும், அறையும் வேண்டாததாகும், செய்தொழிலும் வெறுக்கும். அவர் அதனைப் பேயின் தாக்குதல் எனக் கருதினாரேயன்றிப் பாதிக்கப்பட்டவன் மீது அருவருப்புக் கொள்ளவில்லை. நூற்றாண்டுகள் செல்ல, அதே நிலை ஏழு தலையாய பாவங்களுள் ஒன்றாகிய சோம்பலாயிற்று. பேய் போய்ப் பாவம் வந்தது. இது நோயாளனுக்கு முன்னேற்றமா என்பது ஐயமே. அதற்கும் முற்பட்ட கிரேக்க மருத்துவரோ இதனைக் கரும்பித்தத்தின் மிகுதி எனக் கொண்டனர். தமிழிலே 'பித்து' என்னும் சொல்லும் பித்தத்தோடு தொடர்புடையதாக இருத்தல் சுவையான ஒற்றுமை. இறைவனைப் பித்தன் என ஏத்துகின்ற நாம் அயல்வீட்டுப் பையனை விசரன் என்று ஒதுக்குவதும், நம் நாட்டிலே 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயர் அங்கு மனநோய் மருத்துவமனை அமைந்த ஒரே காரணத்தால் ஏச்சுச் சொல்லாக மாறியதும் சுவையான செய்திகளல்ல.

பழிப்போர் நம்மிடையே வள்ளுவரைத் துணைக்கழைப்பர். மடியின்மை என ஓர் அதிகாரம் வகுத்து மடி குடியைக் கெடுக்கும் என்றும், இடுக்கண் அழியாமை என மற்றோர் அதிகாரம் வகுத்துத் துன்பத்துக்குத் துன்பம் கொடு என்றும் அவர் கூறவில்லையா என்பர். கூறினார். ஆனால் அவ்வதிகாரங்கள் பொருட்பாலிலே அரசியலைச் சார்ந்து, ஆள்பவனையும் அவன்போல் வினைமேற்கொள்பவனையும் நோக்கிக் கூறப்பட்டவை. நோயாளனைப் பற்றிக் கூற விரும்பிய வள்ளுவர் அதற்கெனத் தனியாக 95ஆம் அதிகாரத்தை வைத்தார். அங்கே மருத்துவத்துக்கு நான்கு கூறுகளை வகுக்கின்றார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன். நோயினது முதல் எது என நாடும்படி கூறும் அவர், நோயாளனைப் பழிக்கும்படி கூறவில்லை. அந்நான்காம் ஆளைப் பற்றிப் பின்னர் பேசவேண்டியிருக்கின்றது.

இனி ஒரு தடை. காரணம் கண்டவிடத்துப் பழி நீங்கும் எனின், காரணமில்லாத செயல் எது? எல்லாச் சோம்பலுக்கும், எல்லாக் குற்றத்துக்கும் மூளையிலோ வளர்ப்பிலோ காரணம் காட்டலாமே? பழி என்னும் கருத்தே உலகினின்று ஒழிந்துவிடாதா? இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி குறைவாகச் சுரந்தால் உளச்சோர்வை ஒத்த நிலை தோன்றும். ஆகையால் மருத்துவர் முதலில் இரத்தப் பரிசோதனை செய்வர். குறை கண்டுபிடிக்கப்பட்ட அன்றே வீட்டார் ஏசுவதை நிறுத்திவிடுவர். முதல்நாளும் மறுநாளும் நோயாளனின் நிலை ஒன்றே; மாறியது நமது அறிவு மட்டுமே. நமது அறியாமையின் அளவே பிறர்மீது நாம் சுமத்தும் பழியின் அளவு என்றால், அப்பழி நீதியானதாதல் எங்ஙனம்? ஆயினும் காரணம் உண்டு என்பது மட்டும் பொறுப்பினை நீக்கிவிடாது. பிறவியாலோ நோயாலோ குருடானவனை எவரும் பழிப்பதில்லை, குடியினால் குருடானவனையே பழிப்பர் என அரிஸ்ரோட்டில் எடுத்துக்காட்டுவார். இரண்டுக்கும் காரணமுண்டு. வேறுபாடு, வேறுவிதமாகச் செய்யும் ஆற்றல் அவனிடம் இருந்ததா என்பதிலேயே உள்ளது. உளச்சோர்வுற்றவனிடம் அவ்வாற்றல் முற்றாக இல்லாமற் போவதில்லை. நாளுக்கு நாள், ஒரே நாளிலேயே காலைக்கும் மாலைக்குமிடையே, கூடிக் குறைகின்றது. பலருக்குக் காலையே கொடிது. மாலையில் சிரித்துப் பேசியவன் காலையில் நடிக்கிறான் என நாங்கள் விடுதியிலே தீர்மானித்தது இதனை அறியாமையாலேயே.

பழியென்பது நடந்தவற்றைத் திரும்பிப் பார்ப்பது. பொறுப்பென்பது இனி நடக்கவேண்டியதை நோக்குவது. ஒருவன் தன் நோய்க்குப் பழியேற்க வேண்டியவனல்லன். எனினும் குளிசையை விழுங்குதல், மருத்துவரிடம் உண்மையைக் கூறுதல், இன்று முற்றம்வரை நடத்தல் ஆகியவற்றிலே அவனுக்குப் பங்குண்டு. அப்பங்கும் அவனால் இயன்ற அளவினதாய் இருத்தல் வேண்டும். கால் முறிந்தவனை ஓடச் சொல்வோர் இல்லை; ஆனால் எலும்பு பொருந்திய பின்னர் ஓரடி வைக்கச் சொல்லாதவனும் நல்ல மருத்துவனல்லன்.

அடுத்து வேறொரு திசையிலிருந்து வரும் ஐயத்தை எதிர்கொள்ள வேண்டும். பேராதனையில் கற்பித்தவரான மானிடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர, 1985ஆம் ஆண்டிலே உளச்சோர்வையும் பௌத்தத்தையும் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையிலே பெரிதும் பேசப்பட்டது. இலண்டனிலே ஜோர்ஜ் பிறவுண், ரிறில் ஹரிஸ் என்னும் ஆய்வாளர் இருவர், கம்பவெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து 1978ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டிருந்தனர். ஓர் இழப்பினின்று தோன்றும் நம்பிக்கையின்மை வாழ்வு முழுவதன்மீதும் படர்ந்து, எதிலும் பொருளில்லை என்ற முடிபுக்கு இட்டுச்செல்வதே உளச்சோர்வின் கரு என்பது அவர்தம் கொள்கை. இதனைப் படித்த ஒபயசேகர, இவ்விவரணம் தமக்கு ஒரு நோயாளனையன்று, நல்ல பௌத்தன் ஒருவனையே நினைவூட்டுகின்றது என்றார். உலகம் துக்கமயமானது எனக் கண்டு அதன்வழி ஒழுகும் சமூகத்தில், அவ்வுணர்வு பொருள் பெற்றுவிடுகின்றது. பொருள் பெறாத இடத்திலேயே அது அநாதையாய் நின்று நோயெனப் பெயர் பெறுகின்றது என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தின் வன்மையை மறுப்பதற்கில்லை. மேலைத்தேயத்துப் பட்டியலொன்றை எடுத்து வந்து நம்மவரின் ஒவ்வொரு பெருமூச்சுக்கும் எண்ணிடுதல் தவறு. ஆயினும் என் நண்பரை நினைக்கையில் இவ்வாதம் ஓரிடத்திலே நின்றுவிடுகின்றது. துக்கத்தைத் தியானிக்கும் துறவி அதிலிருந்து யாதோ ஒன்றை நோக்கி நடக்கின்றான். அவனுக்குத் துக்கம் ஒரு வாயில். எல்லா உயிரும் துன்புறுகின்றன என்ற உணர்வினால் பிறர்பால் அவனது இரக்கம் பெருகுகின்றது. உளச்சோர்வுற்றவனுக்கோ அது சுவர்; துன்பம் தன் ஒருவனுக்கே உரியதாகவும், தான் அதற்குத் தகுதியானவனாகவும் அவன் காண்கின்றான். இருவரும் ஒரே வாக்கியத்தைக் கூறலாம். வாக்கியத்தைக் கொண்டு அன்று, அவ்வாக்கியத்தைக் கூறியபின் அவரவர்க்கு என்ன செய்ய இயலுகின்றது என்பதைக் கொண்டே வேறுபாடு அறியப்படும்.

கீதையின் தொடக்கமும் இவ்விடத்து நோக்கற்பாலது. அதன் முதல் அத்தியாயத்தின் பெயரே அர்ச்சுனனின் விஷாதத்தைக் குறிப்பது. உடல் நடுங்க, வாய் உலர, வில் கைநழுவ அவன் தேர்த்தட்டிலே அமர்ந்துவிடுகின்றான். அவனுடைய துயருக்கு வெளிப்படையான காரணம் உண்டு. ஆகவே அதனை நோயென்று நான் கூறவரவில்லை. கண்ணன் அப்போது செய்த முதற்காரியமே கவனிக்கத்தக்கது. பேடிமையை விட்டு எழு என அவனும் நம்மைப்போலவே முதலில் ஏசுகின்றான். அது பயன்படவில்லை. போரிடேன் எனக் கூறி அர்ச்சுனன் வாய்மூடிவிடுகின்றான். அதன் பின்னரே கண்ணன் ஏசுவதை விட்டு விளக்கத் தொடங்குகின்றான். அவ்வுரையாடல் பதினெட்டாம் அத்தியாயம்வரை செல்கின்றது. கடிந்துரை தோற்றவிடத்தே உரையாடல் தொடங்கியது என்பதை நம் பிரசங்கிமார் எவரும் எடுத்துக்கூற நான் கேட்டதில்லை.

சிகிச்சை பற்றிய ஐயங்களுக்கு வருவோம். முதன்மையான மருந்துகள் இரண்டும் எதிர்பாராது கிடைத்தவை. 1950களின் தொடக்கத்திலே காசநோய்க்குக் கொடுக்கப்பட்ட இப்புறோனியசிட் என்னும் மருந்து நோயாளரின் மனநிலையை உயர்த்தியது கண்டறியப்பட்டது. சுவிற்சர்லாந்திலே றோலண்ட் கூன் என்னும் மருத்துவர், வேறு நோக்கத்துக்காக ஆராயப்பட்ட இமிப்பிறமின் உளச்சோர்வைத் தணிப்பதை 1957ஆம் ஆண்டு வெளியிட்டார். நம் மண்ணின் சர்ப்பகந்தியிலிருந்து பெறப்பட்டு இரத்த அழுத்தத்துக்கு வழங்கப்பட்ட றெசேப்பீன், சிலரிடம் சோர்வைத் தோற்றுவிப்பதாகக் கருதப்பட்டமையும் இவற்றோடு சேர்ந்து, மூளையிலுள்ள சில இரசாயனப் பொருள்களின் குறைவே இந்நோய் என்ற கொள்கைக்கு வழிவகுத்தது. எளிமையான இக்கொள்கை மக்களிடையே பெருவழக்காயிற்று. ஆனால் 2022ஆம் ஆண்டு இலண்டன் ஆய்வாளர் குழுவொன்று முன்னைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, செரொற்றோனின் என்னும் பொருளின் குறைவே உளச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு ஒருசீரான சான்றில்லை என அறிவித்தது. உடனே, மருந்துகளே பொய் எனப் பலர் முழங்கினர். அது தருக்கப் பிழை. 2018ஆம் ஆண்டு வெளிவந்த மற்றொரு பேராய்வு 522 பரிசோதனைகளை, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளரின் தரவுகளோடு ஒப்பிட்டு, 21 மருந்துகளும் வெற்றுக் குளிசையிலும் மேலானவை எனக் கண்டது. மேன்மை பெரும்பாலும் மிதமானது என்பதையும் அது மறைக்கவில்லை. பயன் உண்டு என்பதும், பயன் எவ்வாறு விளைகின்றது என்பதும் வெவ்வேறு வினாக்கள்.

மருந்து சில வாரங்கள் சென்றே வேலைசெய்யத் தொடங்கும். தேறிய பின்னரும் ஆறு மாதமேனும் தொடரவேண்டும். தானாகவே திடீரென நிறுத்தலாகாது. நம்மவருள் பலர் பத்தாம் நாள் பயனில்லையென்று நிறுத்துகின்றனர், அல்லது தேறிய மறுநாளே நிறுத்துகின்றனர். கடுமையற்ற நிலைகளிலே பேச்சுவழிச் சிகிச்சைகளே பெரும்பாலும் முதலிடம் பெறுகின்றன. ஆரன் பெக் என்பார் 1960களில் உருவாக்கிய முறையில், நோயாளன் தன்னைப் பற்றிக் கூறும் தீர்ப்புகள் சான்றுகளோடு பொருந்துகின்றனவா என்பதை அவனும் மருத்துவரும் சேர்ந்து ஆராய்வர். தருக்கம் கற்ற நமக்கு இது பழக்கமான முறைதான். மின்வலிப்புச் சிகிச்சை 1938ஆம் ஆண்டு றோமிலே தொடங்கியது. சினிமாப் படங்கள் அதனைச் சித்திரவதையாகக் காட்டிவிட்டன. முறைப்படி மயக்கமருந்து கொடுத்துச் செய்யப்படும்போது, உணவும் நீரும் மறுத்துக் கிடக்கும் கடுமையான நோயாளரை அது காப்பாற்றுகின்றது. சிலருக்கு நினைவிழப்பு உண்டாவதும் உண்மை. இவற்றை எடைபோட்டு முடிவுசெய்யும் உரிமை நோயாளனுக்கும் உண்டு என்பதே முக்கியம்.

குளிசையால் வரும் மகிழ்ச்சி போலி மகிழ்ச்சி அல்லவா என மாணவர் கேட்பதுண்டு. என் நண்பர் கூறியதை அவர்களுக்குச் சொல்வேன். நோயின் நடுவிலே அவருடைய அம்மம்மா இறந்துபோனார். சிறுவயதில் அவரை வளர்த்தவர். செத்தவீட்டிலே அவர் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. கல்நெஞ்சன் என்றனர் உறவினர். சிகிச்சை தொடங்கி இரண்டாம் மாதமளவில், ஒருநாள் பின்னேரம் அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தைக் கண்டு அவர் நெடுநேரம் அழுதாராம். "குளிசை எனக்குச் சந்தோசம் தரவில்லை; என்ர துக்கத்தைத் திருப்பித் தந்தது" என்று அவர் பின்னர் கூறினார்.

துக்கத்தையும் நோயையும் வேறுபடுத்தும் இவ்விடம், நம் நாட்டிலே ஏட்டுப் பிரச்சினையன்று. 2013ஆம் ஆண்டு அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தனது கைந்நூலைத் திருத்தியபோது, அண்மையில் ஒருவரை இழந்தோரை உளச்சோர்வுற்றோராகக் கொள்ளலாகாது என முன்பிருந்த விலக்கினை நீக்கிற்று. அதன்மேல் எழுந்த விவாதம் பெரிது. நம்மிடையே அவ்விவாதம் இன்னும் கொடிய வடிவு கொள்கின்றது. போரின் இறுதியிலும் அதற்கு முன்னரும் மகனைக் காணாமற்போகக் கொடுத்த தாய்க்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ய வழியில்லை. இறந்தான் என அழவும் இயலாது, இருக்கின்றான் எனச் சிரிக்கவும் இயலாது. 2017ஆம் ஆண்டு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்திலே தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மாரின் உறக்கமின்மையையும் பசியின்மையையும் எண்ணி, அவர்களுக்குக் குளிசை கொடுத்துவிட்டால் போதுமா? கேட்கப்பட்ட வினாவுக்கு விடையளிக்காது, வினாவைக் கேட்டவரைத் தூங்கவைப்பதாய் அது முடியும். ஆயினும் அத்தாய்மாருள் உண்மையாகவே நோயுற்றவளுக்கு, நீதி கிடைக்கும்வரை மருந்து கிடையாது என மறுப்பதும் கொடுமையே. ஒருத்தியிடமே நீதி வேண்டும் துயரும் மருந்து வேண்டும் நோயும் ஒருங்கே குடியிருக்கலாம். ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்போர் இருபக்கத்திலும் உளர்.

பழிமொழி நமது சட்டத்திலும் இருந்தது. தன்னுயிரை மாய்க்க முயன்று பிழைத்தவரை 1998ஆம் ஆண்டுவரை இலங்கைச் சட்டம் குற்றவாளியாகக் கொண்டது. 1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களுள் ஒன்றினைக் கொண்டிருந்த இந்நாட்டில் அவ்வீதம் பின்னர் பெரிதும் வீழ்ந்தது. அது நாம் மனத்திடம் பெற்றதால் நிகழ்ந்ததன்று. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையே அதன் முதன்மையான காரணம் என ஆய்வாளர் காட்டியுள்ளனர். கடக்க முடியாததெனத் தோன்றிய இரவினைக் கடந்தவர் பலர், மறுநாள் வாழ விரும்பினர் என்பதே அதன் பொருள். என் நண்பரும் "விடியாமல் விட்டால் நல்லது" எனச் சிலதடவை கூறியதுண்டு. அதனைப் பேச்சென்று விட்டுவிட்டோம். கேட்டால் எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற அச்சம் வேறு. சாக நினைக்கிறாயா என நேரே கேட்பது அவ்வெண்ணத்தைப் புதிதாக விதைப்பதில்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைவர். அத்தகைய ஒருவரைத் தனியே விடாது அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும் என்பதை நாம் அறிந்திருக்கவில்லை.

வள்ளுவர் கூறிய நான்காம் ஆளுக்கு இனி வரலாம். நம்மூரிலே உளச்சோர்வைக் குறிக்க மக்களிடம் ஒரு சொல் உண்டு: "யோசனை கூடிப்போச்சு" என்பர். ஆபிரிக்காவிலே சிம்பாப்வே நாட்டின் ஷோனா மொழியினரும் இந்நிலைக்கு, 'அதிகம் யோசித்தல்' எனப் பொருள்படும் சொல்லையே வழங்குகின்றனர். அங்கு உளமருத்துவர் மிகச் சிலரே. டிக்சன் சிபண்டா என்னும் மருத்துவர், ஹராரே நகரிலே கிளினிக்குகளின் முற்றத்தில் மரவாங்குகளை இடுவித்து, அயலிலுள்ள பாட்டிமாருக்குச் சிறு பயிற்சி அளித்து, நோயாளரோடு அமர்ந்து பேசும்படி செய்தார். நோயாளர் தம் சிக்கல்களுள் ஒன்றைத் தெரிந்து, அதற்கு ஒரு சிறு வழியைத் தாமே கண்டு, மறுகிழமை வந்து கூறவேண்டும். 24 கிளினிக்குகளிலே செய்யப்பட்டு 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, ஆறு மாதத்தின் பின் இவர்களிடம் நோய்க்குறிகள் கணிசமாகக் குறைந்திருந்ததைக் காட்டிற்று. அப்பாட்டி பழிக்கவில்லை, நோயாளனின் பங்கினை அவனிடமிருந்து பறித்துக்கொள்ளவுமில்லை. பழியையும் பொறுப்பையும் வேறுபிரிக்க நான் பல பக்கங்கள் எழுதவேண்டியிருக்கின்றது. அவர் அதனை ஒரு வாங்கிலே செய்துவிடுகின்றார்.

என் நண்பரை முடிவில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றது நானல்லேன். எதிர் அறையிலிருந்த முதல் வருடத்துப் பையன் ஒருவன், எம்மிடம் பகிடிவதைக்குள்ளானவன், ஒவ்வொரு நாட்காலையும் பாணும் சம்பலும் தேநீரும் கொண்டுவந்து வைத்து, அவர் கட்டிலின் கால்மாட்டிலே அமர்ந்து தன் பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பான். ஒன்றும் பேசமாட்டான். சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஏறத்தாழ மூன்று கிழமைகளின் பின்னர் ஒருநாள், "அண்ணை, இண்டைக்கு கிளினிக் நாள், நானும் வாறன்" என்றான். இவர் எழும்பிச் சட்டை போட்டார். தேறி, ஒரு வருடம் பிந்திப் பட்டம் பெற்று, இப்பொழுது ஆசிரியராக இருக்கின்றார். அன்று எப்படி எழும்ப முடிந்தது என அண்மையிலே கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "தெரியாது. அவன் என்னைக் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை; அதனால் மறுமொழி சொல்லவேண்டியிருக்கவில்லை" என்றார். நான் எழுதிக்கொடுத்த குறிப்புகளை அவர் இன்னும் வைத்திருக்கின்றாராம். ஒன்றையும் வாசிக்கவில்லை என்றும் கூறினார்.